பின்னகன் எழுந்த கதை

செங்கல்லும் சாந்தும் சுமந்து ஏணி ஏறிப் பிழைக்கும் சித்தாள் ஒருவன். பெயர் டிம் பின்னகன். ஒரு நாள் காலை தலை கனக்க, உடம்பு நடுங்க வேலைக்குப் போகிறான். நடுக்கத்திற்குக் காரணம் குளிரன்று என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஏணியிலிருந்து விழுகிறான். மண்டை உடைகிறது. வீட்டிற்குத் தூக்கி வந்து, வெளுத்த துணியில் சுற்றிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். காலடியில் விஸ்கி, தலைமாட்டில் ஒரு பீப்பாய் கறுப்பு பீர். சிநேகிதர்கள் கூடுகிறார்கள். அவன் மனைவி முதலில் தேநீரும் பலகாரமும் கொடுத்து உபசரிக்கிறாள். பிறகு புகையிலையும் சர்க்கரை கலந்த விஸ்கியும் வருகின்றன. ஒருத்தி, “இவ்வளவு அழகான பிணத்தை யார் கண்டார்கள்!” என்கிற பாவனையில் புலம்ப ஆரம்பிக்கிறாள். வாயை மூடு என்று வேறொருவர் அதட்ட, வார்த்தை தடித்து, கை நீண்டு, ஆண்கள் ஆண்களையும் பெண்கள் பெண்களையும் போட்டுப் புரட்டுகிறார்கள். யாரோ ஒருவன் தலையைக் குனிந்துகொள்ள, அவன்மேல் எறிந்த விஸ்கி பறந்துபோய்ப் பிரேதத்தின்மேல் கொட்டிவிடுகிறது. அவ்வளவுதான்! பின்னகன் எழுந்து உட்கார்ந்து, “நான் செத்துப்போனேன் என்றா நினைத்தீர்கள்?” என்று எல்லோரையும் அரை ஐரிஷ் மொழியில் சபிக்கிறான்.

ஐரிஷ் ஹாஸ்யப் பாட்டுகளில் இதைக்காட்டிலும் பிரசித்தி பெற்றது வேறொன்றைச் சொல்வது கடினம். இதன் பெயரை ‘பின்னகனின் விழிப்பு’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். பிரேதத்தின் அருகே இரவெல்லாம் கண்விழித்திருப்பதும் அதுவே; உறக்கத்திலிருந்து விழித்தெழுவதும் அதுவே. நம் ‘விழிப்பு’ என்ற சொல்லும் ஏறக்குறைய இவ்விரண்டு பாரத்தையும் தாங்குகிறது. இன்னொரு சிலேடையும் பாட்டின் அடியில் ஒளிந்திருக்கிறது. விஸ்கி என்ற சொல் ‘உயிர் நீர்’ எனப் பொருள்படும் ஐரிஷ் தொடரின் மருவு. ஆகவே டிம்மைக் கொன்றதும் அதுதான், எழுப்பியதும் அதுதான். மதுவிலக்கில் பற்றுடைய வாசகர்கள் முகம் சுளிக்கவேண்டாம். இப்பாட்டில் குடி எப்படி வந்து புகுந்தது என்பதைத்தான் நாம் விசாரிக்கப் போகிறோம்.

பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் இது அயர்லாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத பாவலன் எவனோ கட்டியது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணத்திற்குக் காரணமில்லாமற் போகவில்லை. பிரேதத்தைத் தனியே விடாமல் இரவு முழுதும் காத்திருக்கும் வழக்கம் அங்கே மெய்யாகவே இருந்தது. வந்தவர்களுக்கு மண்ணால் செய்த புகைக்குழாயும் புகையிலையும் உணவும் பானமும் கொடுப்பார்கள். ஒப்பாரியில் தேர்ந்த பெண்கள் வந்து இறந்தவரின் குலத்தையும் குணத்தையும் சொல்லி அழுவார்கள். அழுகை ஓய்ந்த பிறகு கதைகள், விடுகதைகள், பல பரீட்சைகள், பொய்க் கலியாணங்கள், சில சமயம் அடிதடி வரைக்கும் போகும் முரட்டு விளையாட்டுகள்! சீட்டாடும்போது பிரேதத்தின் கையிலும் சில சீட்டுகளைச் செருகினார்கள் என்று கூடச் சொல்வதுண்டு. ஷான் ஓ சுலவான் என்னும் நாட்டார் வழக்காற்று அறிஞர் இந்த விளையாட்டுகளுக்கென்றே ஒரு தனிப் புஸ்தகம் எழுதினார். ஐரிஷ் மொழியில் 1961-ம் வருஷத்திலும் ஆங்கிலத்தில் 1967-ம் வருஷத்திலும் அது வெளிவந்தது. கத்தோலிக்கக் குருமார்களின் சபைகள் பதினேழாம் நூற்றாண்டு முதற்கொண்டு இவற்றைத் தடை செய்துகொண்டே வந்தன. ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு பலித்தது என்று தெரிகிறதல்லவா?

ஆனால் அதே புஸ்தகம் வேறொரு சங்கதியையும் சொல்லுகிறது. இந்தக் கேளிக்கையெல்லாம் வயது முதிர்ந்து, காலம் கனிந்து இறந்தவர்களின் வீட்டில்தான். இளவயதில் மாண்டவர், விபத்தில் மாண்டவர், சிறு குழந்தைகளை விட்டுச் சென்றவர் வீட்டில் விளையாட்டு இராது. துக்கம் மட்டுமே இருக்கும். இப்போது பின்னகனை எண்ணிப் பாருங்கள். ஏணி ஏறிச் சுமை தூக்கும் வயதில், வேலை செய்யும் இடத்தில், மண்டை உடைந்து இறந்தவன். மெய்யான ஐரிஷ் கிராமத்தில் அவனுடைய பிரேதத்தைச் சுற்றிச் சிரிப்பு எழுந்திருக்குமா? எழுந்திராது என்பதே நம் அபிப்பிராயம். வழக்கத்தை நேரில் அறிந்தவன் அந்த வழக்கத்துக்காகக் கட்டிய பாட்டு அன்று இது. வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்காக, அவர்கள் எதிர்பார்த்தபடி கட்டியது.

அச்சேறிய சரித்திரமும் இதையே காட்டுகிறது. இந்தப் பாட்டு முதன்முதலாக அச்சானது 1864-ம் வருஷம். அச்சான ஊர் டப்ளின் அன்று, நியூயார்க். இயற்றியவர் யார் என்பது இன்றளவும் தீரவில்லை. நாடகக் கொட்டகைப் பாடகர்கள் பலர் ‘என்னுடையது’ என்று உரிமை கொண்டாடினார்கள். அவர்களில் ஒருவர் டான் பிரையண்ட். ‘பிரையண்ட்ஸ் மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற அவருடைய கோஷ்டி முகத்தில் கரி பூசிக்கொண்டு, நீக்ரோ ஜனங்களைப் பரிகாசம் செய்து பாடி ஆடிப் பணம் சம்பாதித்த கோஷ்டி. பிரையண்ட் ஐரிஷ் வம்சத்தவர். ஓப்ரையன் என்பதே அவர் குடும்பப் பெயர். ஒரு வேஷத்தில் கறுப்பரையும் மற்றொரு வேஷத்தில் தம் சொந்த ஜனங்களையும் மேடையில் கோமாளியாக்கிய விசித்திர மனிதர். செத்த குடிகாரன் விஸ்கியால் உயிர் பெறும் வேடிக்கையும் புதிதன்று. டப்ளினில் பிறந்து 1842-ல் அமெரிக்கா சென்ற ஜான் புரூம் என்னும் நடிகர், முதுபெரும் ஐரிஷ் கனவான் ஒருவரைப் பற்றிப் பாடிய பாட்டில் அதற்கு முன்பே அது வந்துவிட்டது.

1864-ம் வருஷத்து நியூயார்க் எப்படி இருந்தது? 1845 முதல் 1852 வரையில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே தொகையினர் கப்பலேறினார்கள். 1860-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நியூயார்க் நகரத்தில் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர். அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அயர்லாந்தில் பிறந்தவர்கள். நாலுபேரில் ஒருவர்! நகரத்தின் கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர்களும், கால்வாய் வெட்டியவர்களும், சீமாட்டிகள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களும் இவர்களே. 1863-ம் வருஷம் ஜூலை மாதம், உள்நாட்டு யுத்தத்திற்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பதை எதிர்த்துக் கலகம் மூண்டது. கலகம் செய்தவர்களில் ஐரிஷ் ஏழைகள் அநேகர். கறுப்பு ஜனங்களை அடித்தும் தூக்கிலிட்டும் கொன்றார்கள். இது ஒரு கறை. ஐரிஷ் ஜனங்களிடம் நமக்குள்ள அனுதாபத்தினால் இதை மறைப்பதற்கில்லை. மறு வருஷம் பின்னகன் பாட்டு அச்சாகிறது. ஐரிஷ்காரன் என்றால் குடிப்பான், அடிப்பான் என்று ஊர் முழுதும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அதையே பாட்டாக்கிச் சிரிப்பாக்கினால் டிக்கெட் விற்காமல் இருக்குமா?

இந்த இடத்தில் நம் மனத்தைச் சற்றுச் சங்கடப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த சித்தாளின் மனைவிக்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. விபத்தில் தொழிலாளியின் கவனக்குறைவு சிறிதேனும் இருந்தால் எஜமானர் பொறுப்பல்ல. உடன் வேலை செய்தவனுடைய பிழையால் நேர்ந்தாலும் எஜமானர் பொறுப்பல்ல. அமெரிக்க நீதிமன்றங்கள் அப்போது கைக்கொண்ட நியாயம் இது. நியூயார்க் ராஜ்யத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்று 1910-ல் வந்தது; 1911-ல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிற்று; மறுபடியும் சட்டம் நிலைத்தது 1914-ல். பின்னகன் விழுந்து சரியாக ஐம்பது வருஷங்கள்! பாட்டை இந்தக் கண்ணோடு மறுபடியும் கேட்டுப் பாருங்கள். அவன் ஏன் விழுந்தான் என்று பாட்டு முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: குடித்திருந்தான். ஏணி உளுத்திருந்ததா, சுமை அதிகமா என்ற கேள்வியே எழவில்லை. எஜமானரின் வக்கீல் சொல்லக்கூடியதைப் பாடகன் இராகம் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

இப்படிச் சொன்னதால் இப்பாட்டு எதிரிகளின் கைச்சரக்கு என்று தள்ளிவிடலாமா? அதுவும் இயலவில்லை. இயற்றியவர்களாகச் சொல்லப்படுவோரில் ஜான் எப். பூல் என்பவரும் ஒருவர். அவர் 1862-ம் வருஷம் எழுதிய வேறொரு பாட்டு உண்டு. ‘வேலைக்கு ஆள் தேவை, ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்ற விளம்பரத்தைக் கண்ட ஐரிஷ்காரன் ஒருவன், விளம்பரம் செய்தவரிடமே நேரே போய்ச் சண்டை போட்டு நியாயம் கேட்பது அதன் விஷயம். டோனி பாஸ்டர் என்ற பாடகர் மேடையேற்றியதும் ஐரிஷ் ஏழைகள் அதைக் கொண்டாடினார்கள். மானத்திற்காக வரிந்துகட்டிய அந்தப் பேனாவே குடிகாரப் பிணத்தையும் எழுப்பியிருக்கலாம் என்றால் நாம் என்ன சொல்வது? கொட்டகைக்கு வந்தவர்களிலும் ஐரிஷ் சித்தாட்கள் ஏராளம். தங்களையே காசு கொடுத்துப் பரிகாசம் செய்துகொண்டார்களா? அல்லது, நாளைக் காலை ஏணி ஏற வேண்டியவன், விழுந்தாலும் எழுந்துவிடுவேன் என்று இராத்திரி சிரித்துக்கொண்டானா? இரண்டும் உண்டு என்றே நாம் நினைக்கிறோம். மேல் மாடியில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவனும், கீழே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தவனும் ஒரே இடத்தில் சிரித்தாலும் ஒரே விஷயத்திற்காகச் சிரிக்கவில்லை.

அயர்லாந்திலிருந்த தேசபக்தர்களுக்கோ இந்த ‘மேடை ஐரிஷ்காரனை’க் கண்டாலே எரிச்சல். கிழிந்த தொப்பி, கையில் தடி, வாயில் சாராய வாடை, எடுத்ததற்கெல்லாம் சண்டை—இங்கிலாந்தின் நாடகக் கொட்டகைகளும் சித்திரப் பத்திரிகைகளும் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த உருவம் இது. லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகையின் சித்திரக்காரர்கள் ஐரிஷ்காரனுக்குக் குரங்கு முகமே போட்டார்கள். குரங்கு முகத்தானுக்குச் சுயராஜ்யம் எதற்கு என்பது சித்திரத்தின் சொல்லாத வாதம். 1893-ல் டக்ளஸ் ஹைட் முதலியோர் கேலிக் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். 1897-ல் கவி யேட்ஸும், கிரிகோரி சீமாட்டியும், எட்வர்ட் மார்ட்டினும் தேசிய நாடக இயக்கத்திற்குத் திட்டம் வகுத்தபோது, அயர்லாந்து கோமாளித்தனத்தின் இருப்பிடமன்று என்று உலகுக்குக் காட்டுவதைத் தங்கள் நோக்கங்களில் ஒன்றாக வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானதே. தன் வீட்டைத் தானே ஆளத் தகுதியற்றவன் என்பதற்குச் சாட்சியாக ஒருவனுடைய சிரிப்பையே பிறர் எடுத்துக் காட்டும்போது, அவன் சிரிப்பை நிறுத்திக்கொள்வதில் தவறென்ன? ஆனால் அந்த இயக்கத்தில் வளர்ந்த சிங்க் என்பவரே 1903-ம் வருஷத்து நாடகமொன்றில், செத்ததுபோல் கிடந்து தன் பிரேதக் காவலில் எழுந்து உட்காரும் கணவன் ஒருவனை மேடைக்குக் கொண்டுவந்தார்! பொய்ப் பிணம் அந்நாட்டாரை விடுவதாயில்லை.

இதனிடையே பாட்டு தன் வழியே நடந்துகொண்டிருந்தது. மலிவான துண்டுப் பிரசுரங்களாகவும், நாடகக்காரர் வாய்மொழியாகவும் அது கடல் கடந்து அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. வந்த வழியில் நடந்த சிறு மாறுதல் ஒன்று நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1864-ம் வருஷத்துப் பிரதியில் டிம் வாழ்வது வாக்கர் தெருவில். நியூயார்க்கின் தென்பகுதியில் அப்பெயருடைய தெரு இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் டப்ளின்காரர்கள் பாடும்போது அது வாட்லிங் தெரு ஆகிவிட்டது. அது டப்ளினில் கின்னஸ் மதுச்சாலையை அடுத்த தெரு. ஊர் விட்டுப் போன சித்தாளை யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்து, அவனுக்கு மிகவும் சௌகரியமான தெருவில் குடிவைத்துவிட்டார்கள்! சட்டசபை தீர்மானம் போட்டுச் செய்ததன்று. பாடியவர்களின் நாக்கு செய்த வேலை.

பிறகு ஜேம்ஸ் ஜாய்ஸ் வந்தார். 1882-ல் டப்ளினில் பிறந்த இவர், பெரும்பாலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலேயே வாழ்ந்து, டப்ளினைத் தவிர வேறொன்றைப் பற்றியும் எழுதாதவர். 1923 முதல் பதினாறு வருஷங்களுக்கு மேல் ஒரே புஸ்தகத்தில் உழன்றார். பகுதி பகுதியாக வெளிவந்தபோது அதற்கு ‘நடைபெற்றுவரும் வேலை’ என்ற பெயர்தான். மெய்யான பெயர் அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். 1938-ல் யூஜின் ஜோலாஸ் என்ற நண்பர் அதைச் சரியாக ஊகித்துவிட, பந்தயப் பணம் ஆயிரம் பிராங்கை ஜாய்ஸ் சில்லறையாக ஒரு பையில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாராம். 1939-ம் வருஷம் மே மாதம் புஸ்தகம் வெளிவந்தது. பெயர் இந்தப் பாட்டின் பெயரேதான். ஆனால் ‘பின்னகனுடைய’ என்று காட்டும் சிறு குறியை மட்டும் ஜாய்ஸ் எடுத்துவிட்டார். அதனால் பொருள் புரண்டுவிட்டது: பின்னகன்மார்கள் பலர்; அவர்கள் விழித்தெழுகிறார்கள். முதற்பக்கத்திலேயே விழுந்த ஓசைக்கு நூறு எழுத்துள்ள ஒரே சொல்! கடைசி வாக்கியம் முடிவடையாமல் முதல் வாக்கியத்தில் போய்ச் சேருகிறது. படித்தவர்கள் சிலர், படித்ததாகச் சொல்லுகிறவர்கள் பலர். அதில் வரும் ‘குவார்க்’ என்ற சொல்லை 1964-ல் கெல்-மான் என்ற பௌதிக சாஸ்திரி அணுவின் உள்ளிருக்கும் துகளுக்குச் சூட்டியதால், புஸ்தகத்தைத் தொடாதவர்கள் கூட அதிலிருந்து ஒரு சொல்லை உச்சரிக்கிறார்கள்.

ஜாய்ஸ் செய்ததில் நாம் வியப்பது புலமையை அன்று. கொட்டகைக்காரர்கள் குடிகாரன் என்று விற்ற சித்தாளை அவர் திருத்தவில்லை. குளிப்பாட்டிச் சட்டை மாட்டவில்லை. அவன் விழுவதை ஆதாமின் வீழ்ச்சியாகவும், அவன் எழுவதை மனித குலத்தின் எழுச்சியாகவும் பெரிதாக்கிவிட்டு, வேடிக்கையை அப்படியே விட்டுவிட்டார். விஸ்கியும் அங்கேயே இருக்கிறது.

சாதாரண ஜனங்கள் மீண்டும் இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டதற்கு ஜாய்ஸ் காரணமல்ல. நியூயார்க்கில் குடியேறிய கிளான்ஸி சகோதரர்கள், டாமி மேக்கமுடன் சேர்ந்து 1959-ல் வெளியிட்ட இசைத்தட்டில் இதைப் பாடினார்கள். பாட்டு பிறந்த ஊரிலிருந்தே இரண்டாம் முறையும் கிளம்பிற்று! பிறகு ‘டப்ளினர்ஸ்’ என்ற கோஷ்டியார் 1966-ம் வருஷம் ஏப்ரல் மாதம் டப்ளின் கேட் நாடகசாலையில், சபையோர் முன்னிலையில் பாடியதைப் பதிவு செய்து, ‘பின்னகன் எழுகிறான்’ என்று பொருள்படும் பெயரிட்டு வெளியிட்டார்கள். அந்த ஏப்ரல் எது என்பதைக் கவனிக்கவேண்டும். 1916-ம் வருஷத்து ஈஸ்டர் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவை அயர்லாந்து முழுதும் கொண்டாடிய மாதம் அது. ஆங்கிலேய ஆட்சி போய் வெகு காலமாகிவிட்டது. ‘பாருங்கள், இவர்களுக்கா சுயராஜ்யம்?’ என்று விரல் நீட்டுவதற்கு மெத்தை நாற்காலியில் எவரும் இல்லை. பதிவில் சபையோரின் ஆரவாரம் நன்றாகக் கேட்கிறது. யேட்ஸின் தலைமுறையினர் வாய்விட்டுச் சிரிக்கக் கூசியதற்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கூசவில்லை. முன்னவர்கள் கூசிப் பாடுபட்டதனால்தான் பின்னவர்கள் கூசாமலிருக்க முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சபையில் யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

அதே தட்டில் வேறொரு பாட்டும் இருக்கிறது. டொமினிக் பீயன் எழுதியது. மக்கால்பைன் என்ற பிரிட்டிஷ் கட்டட முதலாளியிடம் வேலை செய்யக் கடல் கடந்து போன ஐரிஷ் கூலியாட்களைப் பற்றியது. நூறு வருஷம் கழிந்தும், சுயராஜ்யம் வந்தும், அயர்லாந்தின் பிள்ளைகள் அந்நிய நகரங்களில் மண் வெட்டிச் சாந்து சுமந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பாட்டிலும் கேலி உண்டு. வேலைத்தலத்தில் மாளும் மனிதனும் உண்டு. அவன் மட்டும் எழுந்திருப்பதில்லை.